குதிரைக்கு நொச்சிப் பத்து

கோயில் குதிரையின் முன்னங்காலைப் பார்த்துத் தர்மகர்த்தா குருமூர்த்தி முகம் சுளித்தார். “இது ஒண்ணு மட்டும் ஏன்யா இப்படி வீங்கியிருக்கு?”

“ராத்திரியெல்லாம் ஊரைச் சுத்துனா வீங்காதுங்களா?” என்றார் வீரமணி. “நொச்சி எலைய அரைச்சுப் பத்துப் போட்டா வடிஞ்சிரும்.”

“கும்பாபிஷேகம் நெருங்குதுய்யா. உடையார்பாளையத்துலேர்ந்து மாட்டு டாக்டரக் கூட்டியாரட்டுமா?”

“டாக்டருக்கெல்லாம் அடங்காதுங்க. நான் பத்துப் போடறப்ப யாரும் எட்டிப் பாக்கக் கூடாது, அவ்ளோதான்.”

குதிரையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினார்கள். பெண்கள் கூடை கூடையாக நொச்சி பறித்துக் கொடுத்தார்கள். உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது.

“என்னய்யா சத்தம்?”

“மருந்து இடிக்கிறேங்க.”

மறுநாள் தார்ப்பாய் விலகியது. நாலு காலும் ஒன்றுபோல் இருந்தன. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

குருமூர்த்திக்குக் கண் கலங்கியது. “அய்யனாரோட சிமெண்டுக் குதிரைக்கே வீக்கத்த வடிய வச்சிட்டீங்களே. ஒங்கள வெறும் கொத்தனார்னு நெனச்சிட்டேங்க. எங்க வூட்டம்மாவுக்கு ரொம்ப நாளா முட்டி வீக்கம். குதிரைக்குச் செஞ்சத அப்படியே செய்யுங்க, வாங்க.”

தாராளமாக அப்பிவிட்ட சிமெண்டைச் செதுக்கியெடுத்த உளியை, வீரமணி பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.