முதல் கமென்ட்

“நாலாயிரம் பேர் பார்த்துட்டாங்க ஜோவி!” என்று ரெக்ஸ் குதித்தான்.

“பார்த்தா போதுமா? ஒருத்தராவது வாங்க வந்தாங்களா?” பின்கட்டு அடுப்படியிலிருந்து ஜோவிதா எரிந்து விழுந்தாள்.

கிறிஸ்துமஸுக்குச் சுட்ட பிளம் கேக்குகள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. சாரம் பகுதிக் கடைக்காரர்கள் எல்லாம் மதியத் தூக்கத்துக்குப் போகும் நேரம் பார்த்து, தெருச் சத்தம் துளியும் விழாமல் எடுத்த ரீல் அது. போட்டதிலிருந்து பின்கட்டில் ரெக்ஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், விளம்பரத்துக்கு மறுபடி பணம் போட்டான். ரீலின் பாட்டு திரும்பத் திரும்ப அலறியது.

பொழுது சாய்ந்தது.

“ரீலு கீலுன்னு இப்படியே உக்காந்துக்கினு இருங்க. கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்!”

“அபசகுனமா பேசாதடி!”

போன் டிங் என்றது. முதல் கமென்ட்! பாய்ந்து திறந்தான்.

‘அண்ணா, வீடியோ பார்த்துட்டு உழவர்கரையிலேருந்து கேக் வாங்க வந்தோம். எங்களுக்கு முன்னாடியே பெரிய கும்பல் நிக்குது. தட்டித் தட்டிக் கை வலிக்குது. உள்ள பாட்டு மட்டும் நல்லா கேக்குது. ஷட்டரை எப்பண்ணா திறப்பீங்க?’