குளவி இருக்கும் பாதை

மாணிக்கக் கற்கள் கிடைக்கும் ஓப்பநாயக்க மலையில் நடையும் எழுத்துப் பட்டறையும். யாழ்ப்பாணத்திலிருந்து கதை தேடி வந்த துஷாந்திக்கு வழிகாட்டி மோகனராஜ் மீதே சந்தேகம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கும் பாதையை மட்டும் அவர் காட்டுவதேயில்லை.

“அங்க குளவி இருக்குங்க மிஸ்.”

களவாக மாணிக்கம் தோண்டுகிறார்கள் என்று முடிவுகட்டினாள். மற்றவர்கள் கூடாரத்தில் எழுதிக்கொண்டிருக்க, நழுவி இறங்கினாள்.

குழியுமில்லை, குளவியுமில்லை. வாசலில் நின்ற சிறுமி இவளைக் கண்டதும் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள். பின்னாலேயே மோகனராஜ் வந்து நின்றார்.

“ஏன் அந்தப் பிள்ளை ஓடினவள்?”

“எம் மகளுங்க. போன தடவ பட்டறைக்கு வந்தவங்க எங்க கஷ்டத்த அவ பேரு போட்டே பேப்பர்ல எழுதிட்டாங்க. ஸ்கூலுக்கே போக மாட்டேங்குறா.”

“அப்ப, குளவி எண்டு சொன்னது?”

“மேல கூடாரத்துல உக்காந்து எழுதிக்கிட்டு இருக்குங்க.”