உடைய மறுத்த குமிழி

சிரிக்கிற கதைதான், ஆனால் சிரிப்பை இப்போதே தரமாட்டேன், கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு புடவைக் கடையின் கூரையில், தண்ணீர்க் குழாயின் வாயை ஒரு குட்டிக் கண்ணாடிக் குமிழி அடைத்துக்கொண்டிருந்தது. தீப்பிடித்தால் உடைந்து தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். வேலைக்குப் புதுசு என்பதால், சமயத்தில் உடைவோமா என்று அதற்கு ஒரே பயம்.

பக்கத்து ஸ்பீக்கருக்கு எல்லார் குரலிலும் பேசி ஏமாற்ற வரும். முதலில் படபடவென்று நெருப்பு எரிகிற மாதிரி சத்தம் போட்டது. “ஐயோ, பட்டெல்லாம் போச்சே!” என்று முதலாளியாக அலறியது. “நான் உடைஞ்சிட்டேன், நீ என்னடா வேடிக்கை பாக்குற?” என்று அடுத்த குமிழியாக அதட்டியது.

குமிழி மூச்சைப் பிடித்து முக்கியது. ஒரு கீறல்கூட விழவில்லை.

“நான் எதுக்குமே லாயக்கில்லையா?” என்று விம்மியது.

“இன்னும் நல்லா முக்குடா!” என்றது ஸ்பீக்கர்.

முக்கிய குமிழி சட்டென்று நிறுத்தியது. அதன் மேல் ஏசிக் காற்று ஜிலுஜிலுவென்று பட்டுக்கொண்டிருந்தது.

“டேய் களவாணி! சூடு பட்டாத்தானேடா நான் உடைவேன்?”