வழித்துத் துடைத்த பெட்டி

ஆர்த்திகாவின் சாப்பாட்டுப் பெட்டி இன்றைக்கும் வழித்துத் துடைத்தபடி வந்தது. பிள்ளையோ செருப்பைக் கழற்றுமுன்பே பேக்கரியில் வாங்கிய ஒரு றாத்தல் பாணை விழுங்கிவிட்டு அடுத்ததைத் தேடியது.

"பெட்டியும் வெறும்பெட்டி, வயிறும் வெறும்வயிறு. அப்ப திண்டது ஆரு?" உதயரூபன் உறுமினார். ஆர்த்திகா பாணைப் பார்த்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

மனைவி குவைத்துக்குப் போனதிலிருந்து சமையல் அவர்தான். தன்னைப்போல் இறால் குழம்பு வைக்க ஆரையம்பதியில் ஆளில்லை என்பது அவர் கட்சி. பெட்டியில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

போன கிழமை பெற்றார் கூட்டத்தில் பியட்றிஸ் டீச்சர் சொன்னது வேறு காதில் குடைந்தது. "ஆறாம் ஆண்டிலயிருந்து ஒன்பதாம் ஆண்டுவரைக்கும் வகுப்புக்கு வகுப்பு பிள்ளையளைப் பிள்ளையளே வெருட்டுறது நடக்குது. வெருட்டுற பிள்ளை ஆரெண்டு ஆளைப் பாத்துச் சொல்லேலாது."

"நான் சொல்லுவன், பாத்த உடன," என்றார் உதயரூபன், பாண் பையைப் பார்த்து.

மறுநாள் காலை புட்டவித்து, இறால் குழம்பு வைத்து, பெட்டியை நிரப்பி அனுப்பினார். சட்டியில் மிஞ்சியதைப் பூனைக்கு வைத்தார். பூனை மணந்து பார்த்துவிட்டு, அவசர வேலை வந்ததுபோல் மதிலேறிப் போய்விட்டது.

இடைவேளை மணி அடித்தபோது அவர் பள்ளிக்கூட வேலிக்குப் பின்னால் குந்தியிருந்தார். வேம்பின் கீழ் ஆர்த்திகா, கூனி இறால் அளவில். இரண்டு பக்கமும் ஒன்பதாம் ஆண்டு ரதீசும் வினோஜனும், எருமைக்கடா அளவில்.

இருவரும் அவள் பெட்டிக்குள் கைவிட்டு அள்ளி அள்ளித் தின்றார்கள். அவர்கள் கண்ணில் வடிந்த நீரில் ஒரு தோணியே ஓடியிருக்கும்.

"பிடிபட்டீங்கடா!" இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் பாதியை முள்ளுக்கம்பிக்குக் கொடுத்துவிட்டு மீதியோடு பாய்ந்தார். "என்ர புள்ளைட சோத்தையா பறிச்சுத் தின்னுறீங்க? நடவுங்கடா அதிபரிட்ட!"

ரதீஸ் அவர் காலைக் கட்டிக்கொண்டான். "ஓம் மாமா, இப்பவே போவம்!"

உதயரூபன் திகைத்தார். "என்னடா, பயமில்லையா?"

வினோஜன் வாயிலிருந்த இறாலை விழுங்கவும் மாட்டாமல், துப்பவும் துணியாமல், ஆர்த்திகாவை ஓரக்கண்ணால் பார்த்து விம்மினான்.

"இவதான் மாமா, நாள்தோறும் குத்திக் குத்தித் தின்ன வைக்கிறா!"