மூன்றாம் பாகத்தின் ஒரே ரசிகர்

வீடியோ கேம் கடையில் ஒரு சண்டை விளையாட்டின் இரண்டாம் பாகம் ஓடும் இயந்திரத்தைச் சுற்றி எப்போதும் கூட்டம். பக்கத்திலிருந்த மூன்றாம் பாகத்தின் மேல் ஹெல்மெட்டைத்தான் வைப்பார்கள். ஆளில்லாமல் அது திரையில் தானே ஆடிக் காட்டும் சண்டையை ரசித்த ஒரே ஜீவன் சுவர்ப் பல்லி.

"என்னா உதை! இந்த ஜனங்களுக்குக் கண்ணே இல்லியா?" என்று பொருமும்.

"நாலு பேர்கிட்ட சொல்லேன்" என்றது இயந்திரம்.

ஒருநாள் ஒருவன், "இதை ஆடிப் பார்ப்போமா?" என்று இழுத்தான். பல்லி உடனே கத்தியது.

"பல்லியே சொல்லிடுச்சுடா!" என்று உட்கார்ந்தான்.

ஒரே வாரத்தில் மூன்றாம் பாகத்தை மொய்த்துவிட்டார்கள். பல்லிக்குத் தலைகள்தான் தெரிந்தன. மெல்ல நகர்ந்து, ஹெல்மெட் சுமந்துகொண்டிருந்த இரண்டாம் பாகத்திடம் போனது.

"மூணு இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லப்பா. நீ ஆடு, பார்ப்போம்."