மூன்றாவது பொத்தான்

“இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புங்க. அவன் திரீவீல ஸ்டார்ட் பண்ணிட்டான்,” என்று றோசமேரி உள்ளிருந்து கத்தினாள். கூரை மேல் நின்ற அவள் கணவன் வின்சன்ட் அன்டெனாவை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார்.

போன வருடம் மாம்புரியில் படம்பிடித்த தொடர் அது. ஊர்ப் பெண்களைத் திரீவீல் ஆட்டோவில் ஏற்றிப்போய்க் கொல்கிறவனின் கதை. ஐந்து வாரத்தில் ஐந்து பேர் முடிந்துபோனார்கள். ஐந்து வாரமும் கூட்டத்துக்குள் றோசமேரி, வின்சன்ட்டின் ஒரே மகள் ஷானிகா மஞ்சள் சட்டையோடு நின்றாள். முதல் வாரம் தூரத்தில், கோயில் வாசலில். போன வாரம் கொலைகாரனுக்கு மூன்றடி பின்னால்.

“புள்ள நிக்குதா?” என்று கூரையிலிருந்து குரல் வந்தது.

“ஓம். இண்டைக்குத் தனிய நிக்குது.”

திரையில் திரீவீல் ஷானிகாவின் அருகே வந்து நின்றது. “ஏறுங்க தங்கச்சி, புத்தளத்துக்குத்தான் போறன்,” என்றான் அவன்.

றோசமேரி தொலைக்காட்சியைக் கட்டிப்பிடித்தாள். “ஏறாத மகள். அம்மா சொல்றன், ஏறாத.”

ஷானிகா நேரே அவளைப் பார்த்தாள். பிறகு அவனிடம் மாட்டேன் என்று தலையாட்டினாள். வண்டி வெறுமையாகவே போயிற்று.

“என்னடி நடந்த?”

“ஏறல்ல. இந்த முறை சொல்லுக் கேட்டுட்டா.”

வின்சன்ட் அன்டெனாவை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

றோசமேரி திரையைக் கையால் தடவினாள். மஞ்சள் சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் சிவப்பு. மஞ்சளில் கிடைக்காமல் அவளே தைத்தது. நான்கு வருடத்துக்கு முன், புத்தளம் வீதியில் ஒரு திரீவீல் கவிழ்ந்த மறுநாள் காலை, மகளைச் சவப்பெட்டியில் கிடத்துவதற்கு முன்பு.