படிக்குப் பின்னால் ஒரு 'டொக்'

"அந்தப் படிக்குப் பின்னாடி ஒட்டினதைப் பேத்துடுங்க. என் மனசு கேக்கலை."

"பசை குழைக்கறதோட உன் வேலை முடிஞ்சுது. ஒட்டறது என் வேலை" என்றார் டைல்ஸ்காரர், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

தண்ணீர் விடாத நீச்சல் குளத்தின் அடியில் நின்றிருந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும். நாலு சுவரிலும் நகம் அகலத்துக்கு நீலக் கண்ணாடிச் சில்லுகள். எல்லாம் அவர் கை ஒட்டியது. குறை சொல்ல முடியாத வேலைதான். படிக்குப் பின்பக்கம் மட்டும், நேற்று மத்தியானம் பசையைப் பூசிவிட்டு, கான்ட்ராக்டர் கூப்பிட்டார் என்று போனில் பேசி முடித்துவிட்டு வந்து ஒட்டியிருந்தார்.

"நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள பசை பாலாடை மாதிரி தோல் கட்டிடுச்சு. அதுமேல ஒட்டினா நிக்குமா? கண்ணாடிங்க. உதிர்ந்தா பிள்ளைங்க காலைக் கிழிக்கும்."

"அங்க எவன் குனிஞ்சு பார்க்கப் போறான்?"

"செக்கிங் பண்ண வர்றவங்க பார்த்தா? இந்தக் குளம் தேறினாத்தான் அடுத்த குளமும் நமக்கு. இல்லேன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு. போய்த் தண்ணி கொண்டா."

அவள் வாளிகளோடு ஏணியில் ஏறினாள். தண்ணீர் எடுத்து வருவது எப்போதும் அவள்தான். காலையில் குழிக்குள் இறங்கினால் இருட்டும்வரை அவர் தலை வெளியே தெரியாது. "கிணத்துத் தவளைகூட மழைக்கு மேல வரும். நீங்க வர மாட்டீங்க" என்பாள்.

அன்று அவள் திரும்ப வழக்கத்தைவிட நேரமானது. வந்த சற்று நேரத்தில் பின்னாலேயே ஓர் ஆள் ஏணியில் இறங்கினார். வெள்ளைச் சட்டை. பையில் மூடி கடிபட்ட ஒரு பேனா. பேண்ட்டின் கால்பக்கம் நனைந்திருந்தது. குளம் குளமாய்ப் பார்க்கிற ஆள், நனையாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டார் டைல்ஸ்காரர்.

"வேலை எப்படி நடந்திருக்குன்னு பார்க்கணும்."

"பாருங்க ஐயா, பாருங்க."

வந்தவர் காசு ஒன்றை எடுத்துச் சுவரைத் தட்டினார். டிங். டிங். உள்ளங்கையால் தடவினார். தலையை ஆட்டினார். பிறகு நேராகப் படிக்குப் பின்னால் போய்க் குந்தினார்.

டிங். டொக். டொக்.

"இங்க மட்டும் ஏன் சத்தம் மாறுது?"

"ஐயா... அது வந்து..."

"பசை பாலாடை மாதிரி தோல் கட்டின பிறகு ஒட்டினீங்களா?"

டைல்ஸ்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கூடவே நின்னு பார்த்த மாதிரி சொல்றீங்களே ஐயா! கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. இப்பவே பேத்துடறேன்."

வந்தவர் ஒரு தடவை மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்து பசை வாளியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சரி, எழுதலை. புதுப் பசை வெச்சு ஒட்டிடுங்க." மேலே ஹாரன் சத்தம் கேட்டது. அவர் அவசரமாக ஏறிப் போய்விட்டார்.

உளியை வைத்ததுமே சில்லுகள் கொத்தாகக் கழன்று வந்தன. முதுகில் பொட்டுப் பசை இல்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவள் சொல்லவில்லை. அதுதான் அதிசயம்.

அடுத்த வாரம் கான்ட்ராக்டர் ஒரு பெண்மணியை அழைத்து வந்தார். அந்தம்மா கையில் சின்ன மரச் சுத்தியல். இறங்கியதும் படிக்குப் பின்னால்தான் போனார்.

"முதல்ல இங்கதான் தட்டுவேன். எல்லாரும் ஏமாத்தற இடம் இதுதான்."

டைல்ஸ்காரர் அந்தம்மா பின்னாலேயே போய் நின்றார்.

டிங். டிங். டிங்.

நாலு சுவரையும் தட்டி முடித்து, "சுத்தமான வேலை" என்று அந்தம்மா கையெழுத்துப் போட்டார். "நாளைக்கே அடுத்த குளத்துல இறங்கிடுங்க" என்றார் கான்ட்ராக்டர். டைல்ஸ்காரர் படியில் உட்கார்ந்தார்.

"உங்க ஆபீஸ் ஐயா போன வாரமே வந்து பார்த்துட்டாரேம்மா?"

"எந்த ஐயா? இந்த சைட்டுக்கு நான் ஒருத்திதான்."

அவர்கள் மேலே ஏறிப் போனதும் மனைவி பக்கம் திரும்பினார். "அப்போ அந்த ஆள் யாருடி?"

"தினம் நமக்குத் தண்ணி லாரி ஓட்டிட்டு வர்ற அண்ணன். நான் சொன்னா உங்க காதுல ஏறாது, பேனா குத்தினவன் சொன்னாத்தானே ஏறும்" என்றாள் அவள், வாளியைக் கழுவியபடி. "அந்தப் பேனாவும் மை தீர்ந்துபோச்சுன்னு நம்ம பொண்ணு தூக்கிப் போட்டது."